அருவ ஓவியமும் மூலப்பொருளும்

அருவ ஓவியத்தை உருவவாதம் என்ற ஒரு சொல்லால் ஒதுக்கிவிடுவது முற்போக்கு விமர்சகர் பலரிடையே வழக்கமாக இருந்து வந்துள்ளது. மனித உருவம் இல்லாத ஓவியத்திலே சமுதாயமும் இல்லை என்பது இவர்தம் முடிபு. இம்முடிபு மறுபரிசீலனைக்குரியது என்று கருதுகிறோம். ஓவியம் எதனைக் காட்டுகிறது என்பது போலவே, எப்பொருளால், எத்தகைய உழைப்புறவுகளின் கீழ் ஆக்கப்பட்டது என்பதும் பொருள்முதல்வாத ஆய்வுக்குரிய வினாவாகும்.

இவ்வினாவுக்குக் கடுகண்ணாவைச் சூழல் தக்கதொரு தொடக்கப் புள்ளியாகும். இதற்கு அண்மையிலுள்ள லங்காதிலக விகாரை 1344இல் கட்டப்பட்டது. அதன் கல்வெட்டு சிங்களத்திலும் தமிழிலும் அமைந்துள்ளது. கண்டி மரபு ஓவியங்களை இன்றும் அங்குக் காணலாம். இம்மரபின் செய்முறைகளை ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியான மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய தமது நூலில் பதிவுசெய்துள்ளார். வெண்ணிறத்துக்கு ஒருவகை வெண்களி, செந்நிறத்துக்குச் சாதிலிங்கம், மஞ்சளுக்கு அரிதாரமும் மரப்பிசினும், கருமைக்கு விளக்குப்புகைக் கரி, இவற்றைப் பிணைக்க விளாம்பிசின் என்பன பயன்பட்டன. ஓவியரே வண்ணத்தை அரைத்துக் குழைத்தார். அவர்தம் சேவைக்கு ஈடாக நிலம் வழங்கப்பட்டது. ஆகவே மூலப்பொருளும் செய்முறையும் ஆய்ந்து தேடவேண்டியவையாக இருக்கவில்லை. அவை நிலமானிய உறவுகளோடு பிணைந்த பரம்பரை அறிவாக இருந்தன. அவ்வுறவுகள் சாதிக் கட்டுப்பாட்டை உடையவை என்பதையும் நாம் மறத்தலாகாது.

1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1830களில் அரச இராஜகாரியம் ஒழிக்கப்பட்டது; கோயில் நிலச் சேவை மட்டும் நீடித்தது. 1867இல் கடுகண்ணாவை மலையை ஏறிப் புகையிரதம் கண்டியை அடைந்தது. இதற்கு முன்னரே, 1841இல், அமெரிக்கரான ஜோன் ராண்ட் எண்ணெய் வண்ணத்தை அடைக்கும் உலோகக் குழாய்க்குக் காப்புரிமை பெற்றிருந்தார். வண்ணம் பண்டமாகியது, ஓவியன் அதனை வாங்குபவனானான். எங்கோ எவரோ உழைத்து ஆக்கிய பொருள், அவ்வுழைப்பின் சுவடின்றி அவன் கையை அடைந்தது.

நவீன ஓவியர் மூலப்பொருளை மீண்டும் ஆராயத் தொடங்கியதன் சமூக அடித்தளம் இதுவே எனலாம். கே. சி. எஸ். பணிக்கரின் முன்முயற்சியால் 1966இல் சென்னைக்கு அருகே சோழமண்டலம் கலைஞர் கிராமம் உருவாயிற்று. பத்திக் முதலிய கைவினைப் பொருள்களை விற்றே கலைஞர்கள் தமது ஓவியத் தொழிலைத் தாங்கினர். அதன் நிறுவன உறுப்பினருள் ஒருவரான வி. விஸ்வநாதன் 1968 முதல் பாரிஸில் வாழ்ந்து அருவ ஓவியங்களைப் படைத்தவர். அவர் இந்தியக் கடற்கரைகளின் மணலைத் திரட்டிக் கலைப்பொருளாக்கினார். 'மணல்' என்ற திரைப்படத்தையும் உருவாக்கினார். இங்கு மணல் எதனையும் உருவகிக்கவில்லை; இடத்துக்கு இடம் வேறுபடும் அதன் நிறமும் மணியுமே படைப்பாகின்றன. விலைக்கு வாங்கும் வண்ணம் மறைத்த தோற்றுவாயை இம்முயற்சி மீண்டும் கண்முன் நிறுத்துகிறது.

எனினும் இதன் வரையறையையும் கூறவேண்டும். மணலைத் தேடிச் சென்றவர் தனிக்கலைஞர். அக்கரையில் வலை இழுப்போரின் உழைப்பு அப்படைப்பினுள் வரவில்லை. காட்சிக்கூடத்தை அடைந்ததும் அம்மணலும் பண்டமாகும் வாய்ப்புடையது. இம்முரண்பாடு கலைஞரின் தனிப்பட்ட குறை அன்று. கலை உற்பத்தி உறவுகளின் முரண்பாடே. அதனை இனங்காணாது அருவ ஓவியத்தை ஒதுக்குவதும், அதன் புதுமையை மட்டும் வியப்பதும் ஒரே தவறின் இரு முகங்களாகும்.