நீரடியில் இரண்டாவது உருளை

விடுமுறைக்கு அந்தமானின் சுவராஜ் தீவுக்கோ, கர்நாடகத்தில் முருதேஸ்வர் கடற்கரைக்கு அப்பாலுள்ள நேத்ராணித் தீவுக்கோ செல்லும்போது ஸ்கூபா முக்குளிப்பையும் நம்மில் பலர் பயணத் திட்டத்தில் சேர்த்துக்கொள்கிறோம். முதன்முறை இறங்குவோரைப் பயிற்சியாளர் உடனிருந்தே 12 மீட்டருக்குள் அழைத்துச் சென்று திரும்புவார். அந்த அனுபவத்தில் மனம் பறிகொடுத்து, அடுத்தடுத்த பயிற்சிகளை முடித்து, 30 மீட்டர் வரை இறங்கும் நிலைக்கு வருவோரும் உண்டு. முதுகிலுள்ள உருளை கைவிட்டால் அடுத்த மூச்சு எங்கிருந்து வரும் என்று எண்ணிப் பார்க்க வேண்டியவர்கள் இவர்களே.

முக்குளிப்போர் அனைவரிடமும் மஞ்சள் நிறத்தில் இன்னொரு சுவாசக் கருவி தொங்கும். 'ஆக்டோபஸ்' எனப்படும் அது, காற்று தீர்ந்த துணைவருக்குக் கொடுப்பதற்கானது. அதுவும் அதே உருளையிலிருந்துதான் காற்றைப் பெறுகிறது; உருளை காலியானால் இரண்டும் ஒருங்கே நின்றுவிடும். தனி உருளையும் தனி ரெகுலேட்டரும் கொண்ட 'போனி' என்னும் சிற்றுருளையே மெய்யான மாற்று ஏற்பாடு.

அது எவ்வளவு சிறியதாக இருக்கலாம்? கையடக்கமான அரை லிட்டர் உருளைகள் கிடைக்கின்றன. 200 பார் அழுத்தத்தில் நிரப்பினால் அதில் 100 லிட்டர் காற்று இருக்கும். தரையில் இது தாராளமாகத் தோன்றும். 30 மீட்டர் ஆழத்திலோ அழுத்தம் 4 மடங்கு. மூச்சுக்கு வேண்டிய காற்றும் 4 மடங்கு. பதற்றத்தில் தரைக்கணக்கில் நிமிடத்துக்கு 30 லிட்டர் இழுப்பவருக்கு அங்கே 120 லிட்டர் தேவை. கையடக்க உருளை ஒரு நிமிடத்துக்குக்கூடப் போதாது. நிலைமையைச் சமாளிக்க ஒரு நிமிடம், நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் மேலேறும் நேரம், 5 மீட்டர் ஆழத்தில் பாதுகாப்புக்காக நிற்கும் 3 நிமிடம் ஆகியவற்றைக் கூட்டினால் ஏறக்குறைய 500 லிட்டர் ஆகிறது. 3 லிட்டர் உருளை 600 லிட்டர் தரும். சுமை அதிகம் என்று முணுமுணுப்போர் இந்தக் கணக்கைப் பார்த்தபின் முணுமுணுக்கட்டும்.

இந்த 600 லிட்டரை முக்குளிப்பு நேரத்தை நீட்டிக்கும் கையிருப்பாகக் கருதுவது பெரும் பிழை. அதைவிட வேடிக்கையான, ஆனால் ஆபத்தான தவறு ஒன்றும் நேர்வதுண்டு: அவசரத்தில் போனியின் சுவாசக் கருவியை வாயில் பொருத்திக்கொண்டே கடலில் குதித்து, ஆழத்தைத் தொடுமுன் அதைக் காலி செய்துவிடுவது. தொட்டாலே வேறுபாடு தெரியும்படி அதில் அடையாளமிட்டு, கழுத்துப் பட்டையில் மாட்டிக்கொள்வது நல்லது.

காற்றின் தூய்மையும் முக்கியம். இரண்டு உருளைகளையும் ஒரே கம்ப்ரஸர் நிரப்பும்போது, எஞ்சின் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு கலந்தால் இரண்டிலும் கலந்திருக்கும். அதற்கு மணமில்லை. காற்று சோதிக்கப்படுகிறதா என்று முக்குளிப்பு நிலையத்தில் தயங்காமல் கேட்கலாம். உருளையின் தோளில் பொறித்துள்ள அழுத்தச் சோதனைத் தேதியையும் பார்த்துக்கொள்ளலாம்.

படகிலிருந்து குதிக்குமுன், அழுத்தமானியைப் பார்த்தபடியே போனியிலிருந்து இரண்டு மூன்று முறை மூச்சிழுக்க வேண்டும். ஒவ்வொரு மூச்சுக்கும் முள் சரிந்து மீண்டால் வால்வு முழுமையாகத் திறக்கப்படவில்லை.