மும்பை-தூத்துக்குடி: பறக்க 2 மணி நேரம்; போய்ச் சேர அரை நாள்

புதுதில்லி: மும்பைக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலான வான்வழித் தொலைவு சுமார் 1,280 கி.மீ. ஜெட் விமானம் நேராகச் சென்றால் ஏறத்தாழ 2 மணி நேரத்தில் கடந்துவிடலாம். ஆனால், சென்னையிலோ பெங்களூருவிலோ விமானம் மாறிச் செல்பவர் வீடு போய்ச் சேர அரை நாள் ஆகிவிடுகிறது.

மும்பை டிராம்பே பகுதியில் தமிழர்கள் பெருமளவில் வசிக்கும் இடம் சீத்தா கேம்ப். பாபா அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனி, நெருக்கடி நிலைக் காலத்தில் 1976-ல் அகற்றப்பட்டபோது, அங்கிருந்தவர்கள் இங்கு குடியமர்த்தப்பட்டனர். மும்பைத் தமிழர்களில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள் ஏராளம்.

ஊரில் திருமணம், கோயில் கொடை என்றால் முன்கூட்டியே ரயிலில் இடம் பதிவு செய்து கொள்ளலாம். நெல்லை சென்றடைய ஏறத்தாழ ஒன்றரை நாள் ஆகும். துக்கச் செய்திக்கு அந்த அவகாசம் இல்லை. அன்றோ மறுநாளோ அடக்கம் முடிந்துவிடும். பெற்றோரின் முகத்தைக் கடைசியாகக் காண விமானம் ஒன்றே வழி.

காத்திருப்பே காரணம்: பெங்களூரு வழியாகச் சென்றால் வான்வழித் தொலைவு சுமார் 50 கி.மீ. மட்டுமே கூடுகிறது, சென்னை வழியாக என்றால் சுமார் 280 கி.மீ. பறக்கும் நேரத்தைவிட, அடுத்த விமானத்துக்காகக் காத்திருக்கும் நேரமே பயணத்தை நீட்டுகிறது. மதுரைக்கு நேரடி விமானம் இருந்தாலும், அங்கிருந்து தூத்துக்குடிக்குச் சாலை வழியே சுமார் 130 கி.மீ. செல்ல வேண்டும்.

நீங்கிய தடைகள்: தூத்துக்குடி விமான நிலைய ஓடுபாதை முன்பு 1,350 மீட்டர் நீளமே இருந்தது. குறைந்த தொலைவுக்கு ஏற்ற சிறிய விமானங்களே அங்கு இறங்க முடிந்தது. சுமார் ரூ.450 கோடி செலவிலான விரிவாக்கப் பணியில் ஓடுபாதை 3,115 மீட்டராக நீட்டிக்கப்பட்டது. புதிய முனையத்தைப் பிரதமர் மோடி 2025 ஜூலை 26-ல் திறந்து வைத்தார். இனி பெரிய ஜெட் விமானங்களும் இறங்கலாம்.

மும்பை சத்ரபதி சிவாஜி மகாராஜ் விமான நிலையத்தின் இரு ஓடுபாதைகளும் குறுக்கிடுவதால், புதிய சேவைகளுக்கு நேர ஒதுக்கீடு கிடைப்பது அரிதாக இருந்தது. 2025 டிசம்பர் 25 முதல் நவி மும்பை விமான நிலையமும் இயங்குவதால் இந்த நெருக்கடி தணிய வாய்ப்பு ஏற்பட்டுள்ளது. சீத்தா கேம்ப் மக்கள் வாஷி பாலம் வழியாக அங்கு செல்லலாம்.

முடிவு யார் கையில்?: 1994 முதல் நடைமுறையிலுள்ள வழித்தடப் பகிர்வு விதிமுறைகளின்படி, மும்பை-சென்னை போன்ற முதன்மைத் தடங்களில் விமானம் இயக்கும் நிறுவனங்கள், பிற தடங்களிலும் குறிப்பிட்ட விகிதத்தில் சேவை அளிக்க வேண்டும். வடகிழக்கு மாநிலங்கள், ஜம்மு-காஷ்மீர், அந்தமான், லட்சத்தீவு ஆகியவற்றுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. தென் தமிழகமோ "மற்றவை" என்ற பிரிவில் அடங்குகிறது. அப்பிரிவில் எந்த ஊருக்கு விமானம் இயக்குவது என்பது நிறுவனங்களின் விருப்பம்.

எனவே, ஓடுபாதை நீண்டதாலேயே மும்பைக்கு நாள்தோறும் நிலையான நேரடிச் சேவை உறுதியாகிவிடாது. தென் மாவட்ட எம்.பி.க்களும் மும்பை எம்.பி.க்களும் கட்சி வேறுபாடின்றி மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகத்திடம் இதை வலியுறுத்த வேண்டும்.