இருங்காட்டுக்கோட்டையில் ஒரு பந்தயப் பருவம்

இந்தியாவில் பைக் பந்தயத்தின் உச்ச மேடை, தேசிய மோட்டார் சைக்கிள் பந்தய சாம்பியன்ஷிப். நாட்டின் சாம்பியன் யார் என்பது பெரும்பாலும் தமிழ்நாட்டு மண்ணில்தான் முடிவாகிறது. சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்னால் இருக்கும் இருங்காட்டுக்கோட்டைதான் அதன் தாய்வீடு. 3.717 கிலோமீட்டர் நீளமும் பன்னிரண்டு வளைவுகளும் கொண்ட இந்த ஓடுபாதை 1990ல் திறக்கப்பட்டது. பக்கத்தில் ஹூண்டாய் ஆலை வருவதற்குப் பல ஆண்டுகள் முந்தைய காலம் அது. மெட்ராஸ் மோட்டார் ரேஸ் டிராக் என்று நெடுங்காலம் அழைக்கப்பட்ட களம், இப்போது மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட். 1953ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் இதன் உரிமையாளர். பந்தய ஆர்வலர்கள் கூடித் தொடங்கிய ஒரு கிளப், சர்வதேசத் தரத்தில் சொந்த ஓடுபாதை அமைத்துப் பல பத்தாண்டுகளாகப் பராமரித்து வருவது சாதாரணச் செய்தி இல்லை.

அதற்கு முன் எல்லாமே சோழவரம். சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று அங்கே பயனற்றுக் கிடந்தது. போர் முடிந்தபின் அந்தக் கான்கிரீட் தளத்தைப் பந்தயக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். விமானம் இறங்கப் போட்ட பாதையில் வளைவு ஏது? வைக்கோல் கட்டுகளையும் பீப்பாய்களையும் அடுக்கி வளைவுகளை உண்டாக்கினார்கள். காரும் பைக்கும் ஓடின, மொபெட்டுக்குக்கூடத் தனிப் பந்தயம் உண்டு. ஆண்டுதோறும் நடந்த சோழவரம் பந்தயம் சென்னைவாசிகளுக்குத் திருவிழா மாதிரி. மக்கள் குடும்பத்தோடு போய் வெயிலில் நின்று பார்த்தார்கள். இருங்காட்டுக்கோட்டைக்கு மாறியபின் பாதுகாப்பு கூடியது, பாதை செம்மையானது. ஆனால் அந்தக் கூட்டம் உடன் வரவில்லை. இந்த விளையாட்டுக்கு நேர்ந்த பெரிய இழப்பு இதுதான்.

சாம்பியன்ஷிப் ஒரே நாளில் முடிகிற விஷயம் அல்ல. ஒரு பருவத்துக்குப் பெரும்பாலும் நான்கு அல்லது ஐந்து கட்டங்கள் இருக்கும். ஒவ்வொரு கட்டமும் ஒரு வார இறுதி. பயிற்சி ஓட்டம் முடிந்ததும் தகுதிச் சுற்று வரும். அதில் யார் ஒரு சுற்றை மிகக் குறைந்த நேரத்தில் முடிக்கிறாரோ அவருக்கு முன்வரிசையில் முதல் இடம், அதாவது போல் பொசிஷன். பிறகு சனி, ஞாயிறுகளில் பந்தயங்கள். எல்லாரும் ஒரே களத்தில் ஓடினாலும் வண்டிகள் பல தரம். ஸ்டாக் பிரிவு என்றால் கடையில் வாங்கும் பைக்கிலிருந்து அதிகம் மாறாத வண்டி. முகப்பு விளக்கு, கண்ணாடி, ஸ்டாண்டு ஆகியவற்றைக் கழற்றிவிடுவார்கள். புரோ-ஸ்டாக் பிரிவில் இன்ஜினிலும் சஸ்பென்ஷனிலும் விதி அனுமதிக்கும் அளவுக்குக் கை வைக்கலாம். 165 சிசிக்கு ஒரு பிரிவு, 400 சிசி வரை இன்னொரு பிரிவு, புதியவர்களுக்கும் பெண்களுக்கும் தனிப் பிரிவுகள். பந்தயம் முடிந்ததும் வென்ற வண்டியைப் பரிசோதகர்கள் பிரித்துப் பார்ப்பதும் உண்டு. விதிக்குப் புறம்பான ஒரு பாகம் அகப்பட்டால் மேடையில் வாங்கிய கோப்பை நிலைக்காது.

பருவத்தின் உயிர்நாடி புள்ளிக்கணக்கு. உலக அளவிலான மோட்டோஜிபி பந்தயத்தில் முதல் இடத்துக்கு 25 புள்ளி, அடுத்தடுத்த இடங்களுக்கு 20, 16, 13, 11 என்று இறங்கும். இந்தக் கணக்கில் ஐந்து பந்தயங்களை எடுத்துக்கொள்வோம். மூன்றில் வென்று இரண்டில் விழுந்தவருக்குக் கிடைப்பது 75. ஒன்றில்கூட வெல்லாமல் ஐந்திலும் இரண்டாவதாக வந்தவருக்கு 100. பட்டம் இரண்டாமவருக்கே. விழாமல் கோட்டைத் தொடுவது எவ்வளவு பெரிய திறமை என்பது பருவத்தின் கடைசி வாரத்தில்தான் புரியும். பத்து முறை தேசிய சாம்பியனான சென்னையின் ஜெகன் குமாரை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டுவதும் இந்த நிதானம்தான்.

ஒரு வளைவைக் கிட்டே நின்று பார்த்தால் இந்த விளையாட்டின் நுட்பம் விளங்கும். நேர்பாதையில் முழு வேகத்தில் வரும்போது வீரர் டாங்கோடு ஒட்டிப் படுத்திருப்பார். பிரேக் பிடிக்கும் கணத்தில் சட்டென்று நிமிர்கிறார். நிமிர்ந்த உடம்பில் காற்று மோதி, அதுவும் ஒரு பிரேக்காகிறது. கியர்கள் ஒவ்வொன்றாக இறங்குகின்றன. அடுத்த நொடி உடம்பு சீட்டை விட்டு வளைவின் உள்பக்கம் தொங்குகிறது, முழங்கால் தரையை உரசுகிறது. அங்கே தோல் உடுப்பின் மேல் ஒட்டிய பிளாஸ்டிக் வில்லை ஒன்று இருக்கும். தரை எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது, வண்டி இன்னும் எவ்வளவு சாயலாம் என்பதை அந்த உரசல்தான் அவருக்குச் சொல்கிறது. வளைவின் உள்விளிம்பைத் தொட்டதும் ஆக்சிலரேட்டர் மெல்லத் திறக்கிறது. அவசரப்பட்டுத் திருகினால் பின்சக்கரம் வழுக்கி ஆளைத் தூக்கி எறிந்துவிடும்.

ஐரோப்பாவில் லீக் முறையில் நடக்கும் ஸ்பீட்வே பந்தயம் இதிலிருந்து வெகுவாக மாறுபட்டது. முட்டை வடிவ மண் பாதை, மெத்தனாலில் ஓடும் 500 சிசி வண்டி, ஒரே கியர். பிரேக் கிடையாது. நான்கு பேர் நான்கு சுற்று ஓடுவார்கள், ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். முதல்வருக்கு 3 புள்ளி, அடுத்தவர்களுக்கு 2, 1, கடைசிக்கு ஒன்றுமில்லை. பிரிட்டனில் 1929லேயே இதற்கு லீக் தொடங்கிவிட்டது. போலந்தில் இன்று கால்பந்துக்கு நிகரான கூட்டம் சேர்கிறது. அங்கே அணி என்பது ஊரின் சொத்து. நம் ஊர், எதிரி ஊர் என்று கொடி பிடித்துப் போகிறார்கள். நம் நாட்டில் அணியை நடத்துவது பெரும்பாலும் வண்டி நிறுவனங்கள். ஓசூரைத் தளமாகக் கொண்ட டிவிஎஸ், 1982 முதல் பந்தய அணி வைத்திருக்கிறது. ஹோண்டாவும் வலுவான அணியோடு களமிறங்கிய நிறுவனம். ஊருக்கு ஊர் மைதானம் இருந்தால்தானே ஊருக்கு ஊர் லீக் நடத்த முடியும்? இவ்வளவு பெரிய நாட்டில் தேசியப் பந்தயத்துக்குப் பேர்சொல்லும் களங்கள் மிகச் சிலவே. இருங்காட்டுக்கோட்டை ஒன்று. 1995ல் விமான விபத்தில் இறந்த பந்தய முன்னோடி கரிவரதன் பெயரால் 2003ல் கோவை செட்டிபாளையத்தில் அமைந்த கரி மோட்டார் ஸ்பீட்வே இன்னொன்று. மூன்றாவது, 2023ல் மோட்டோஜிபியே வந்துபோன டெல்லி அருகிலுள்ள புத்தா சர்க்யூட். இந்த மூன்றில் இரண்டு தமிழ்நாட்டில்.

அதனால்தான் வீரர்களும் இங்கிருந்தே அதிகம் வருகிறார்கள். 2011ல் 125 சிசி உலக சாம்பியன்ஷிப்பில் ஓட்டி, அந்த உயரத்தைத் தொட்ட முதல் இந்தியரான சரத்குமார் சென்னைக்காரர். ஆசியப் பந்தயங்களில் ஓட்டிய ராஜிவ் சேதுவும் அப்படியே. பல முறை தேசியப் பட்டம் வென்ற ரஜினி கிருஷ்ணன் பயிற்சிக் கூடமே நடத்துகிறார். பெண்களில் அலிஷா அப்துல்லா வழி திறந்துவிட்டார். பின்னால் ஆன் ஜெனிஃபர், ரைஹானா பீ என்று ஒரு வரிசை உருவாகிவிட்டது.

இந்த விளையாட்டு வாங்கும் விலையையும் சொல்லியாக வேண்டும். 2023 ஆகஸ்ட் 5 அன்று, தேசிய சாம்பியன்ஷிப்பின் ஒரு பந்தயத்தில் பெங்களூருவைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் இருங்காட்டுக்கோட்டையில் விழுந்து உயிரிழந்தான். அந்த வார இறுதியின் மீதிப் பந்தயங்கள் அத்தனையும் ரத்தாயின. ஹெல்மெட், தோல் உடுப்பு, மருத்துவர் எல்லாம் இருந்தும் நேர்ந்த மரணம் அது. எந்த வயதில் எந்த வண்டி என்ற கேள்வியை அந்தப் பிள்ளையின் மரணம் எல்லார் முன்னாலும் வைத்தது. அதற்கான விடையில் சமரசமே கூடாது.

களத்திலேயே இப்படியென்றால் சாலையில் என்ன ஆகும்? போளூரிலிருந்து ஜவ்வாது மலைக்கு ஏறும் பாதையிலும் வளைவுகள் உண்டு. முழங்கால் உரச ஆசைப்படும் இளைஞர்கள் அங்கும் போகிறார்கள். மலை வளைவுக்கு அப்பால் ஜமுனாமரத்தூரிலிருந்து இறங்கும் பஸ் வரலாம், மாடு நிற்கலாம், விளிம்பு தாண்டினால் பள்ளம். ஓடுபாதையில் வளைவுக்கு வெளியே விழுந்து உருள விட்டுவைத்த வெற்றிடம் இருக்கிறது. மஞ்சள் கொடி காட்டி எச்சரிக்க மார்ஷல் நிற்கிறார், சிவப்புக் கொடி ஆடினால் பந்தயமே நிற்கிறது. வேகத்தின் மேல் ஆசை கொண்ட பிள்ளை வீட்டில் இருந்தால், அடுத்த பருவத்தில் ஒரு நாளாவது இருங்காட்டுக்கோட்டைக்கோ செட்டிபாளையத்துக்கோ அழைத்துப் போங்கள். அங்கே ஆம்புலன்ஸ் தன் இடத்துக்கு வந்து நிற்காமல் எந்தப் பந்தயமும் தொடங்குவதில்லை.