கடலோரத்துக் கொங்கிறீற் அரங்கு

தொன்மை வாய்ந்த கட்டடங்களைப் பேணுதல் கடமை என்பதை மறுப்பார் இலர். ஆயிரம் ஆண்டு கண்ட கோயில் ஒன்று சிதையக் கண்டால் நெஞ்சு பதறாதார் யார்? ஆயின், சென்ற தலைமுறையினர் சீமெந்தும் மணலும் கம்பியும் கொண்டு எழுப்பிய கட்டடம் ஒன்று பாழ்படுமாயின், அதற்கென இரங்குவார் மிகச் சிலரே. பழமையின் பெருமை அதற்கு இல்லை. புதுமையின் பொலிவும் இல்லை. அத்தகைய கட்டடம் ஒன்றைக் காத்தற்கு ஒரு நகரமக்கள் எடுத்த முயற்சியையும், அது காக்கத்தக்கதாயது எவ்வாறு என்பதையும் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்து மியாமி நகரை அடுத்து, பிஸ்கேன் குடாவிலே வேர்ஜீனியா கீ என்னும் சிறு தீவு உளது. அதன் கரையில் 1963 ஆம் ஆண்டு ஓர் அரங்கு திறக்கப்பட்டது. இயந்திரப் படகோட்டப் போட்டிகளைக் காண்பதற்கென்றே அமைந்தமை அதன் தனிச்சிறப்பு. அங்குள்ள 6,566 ஆசனங்களில் அமர்ந்தோருக்கு முன்னால் புற்றரை இல்லை, குடாநீரே ஆடுகளம். பிற்காலத்தில் மிதக்கும் மேடையொன்று நீரில் நிறுத்தப்பட்டு, இசை நிகழ்ச்சிகளும் அங்கு நடைபெற்றன. ஆசனங்களில் இருந்தோர் ஒருபுறம் கேட்க, தத்தம் படகுகளில் வந்தோர் மறுபுறம் கேட்டனர். 1972 இல் சனாதிபதி நிக்சன் கலந்துகொண்ட தேர்தற் கூட்டமொன்றும் இவ்விடத்தே நிகழ்ந்தது.

இதனை வரைந்தவர் இலாரியோ கந்தேலா என்பார். கியூபா நாட்டின் அவானா நகரிற் பிறந்து, அமெரிக்காவிற் கட்டடக் கலை பயின்ற அவர், அக்காலை முப்பது வயதும் நிரம்பாத இளைஞர். நீரிலே விரைந்தோடும் படகைக் காண்போரின் பார்வைக்குத் தூண்கள் தடையாதல் கூடாது. அதே வேளை வெயிலுக்கும் மழைக்கும் கூரையும் வேண்டும். இவ்விரு தேவைகளையும் ஒருங்கே நிறைவேற்றுவது எங்ஙனம்? இவ்வினாவுக்குக் கந்தேலா கண்ட விடையே அவ்வரங்கின் கூரை.

அக்கூரையின் நீளம் 326 அடி. அதனைத் தாங்குவன பின்னோக்கி அமைந்த எட்டுச் சாய்தூண்கள் மாத்திரமே. முன்புறம் எவ்விதத் தாங்குதலுமின்றி, கூரை நீரை நோக்கி நீண்டு நிற்கின்றது. மெல்லிய கொங்கிறீற் தகடு இவ்வாறு தொய்யாது நிற்றல் எப்படி என மாணவர் வினவலாம். கடதாசித் தாளொன்றை ஓரத்திற் பிடித்தால் மறுமுனை தொங்கிவிடும். அத்தாளையே விசிறிபோல் மடித்துப் பிடித்தால் நிமிர்ந்து நிற்கும். தாள் மாறவில்லை, தடிப்பும் கூடவில்லை, மடிப்பே அதற்கு வலிமை தந்தது. கந்தேலாவின் கூரையும் இவ்வாறு மடிக்கப்பட்டதே. ஆகவே அதன் அழகு பின்னர் ஒட்டிய அலங்காரமன்று; பாரத்தைத் தாங்கும் முறையே அழகாகவும் அமைந்தது. நவீன கட்டடக் கலையின் கொள்கையை இதனினும் தெளிவாக உணர்த்தும் கட்டடங்கள் சிலவே.

1992 இல் அன்றூ என்னும் சூறாவளி தென்புளோரிடாவைத் தாக்கியது. அதன்பின் அரங்கு மூடப்பட்டது. புயல் அதனை வீழ்த்தவில்லை. ஆனால் பூட்டிய கதவு மீண்டும் திறக்கப்படவில்லை. உப்புக் காற்று கொங்கிறீற்றின் நுண்துளைகள் வழியே உட்புகுந்து, உள்ளிருக்கும் உருக்குக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துருவேறிய இரும்பு பருமனிற் பெருகும். பெருகி, தன்னைச் சூழ்ந்த கொங்கிறீற்றைப் பிளக்கும். பிளவின் வழியே மேலும் உப்பு நுழையும். கவனிப்பார் அற்ற கடலோரக் கட்டடம் அழிவது இவ்வாறே. ஆளரவமற்ற அரங்கின் சுவர்களும் படிகளும் நாளடைவில் இளைஞர் தீட்டிய வண்ண எழுத்துக்களாலும் ஓவியங்களாலும் நிறைந்தன.

2008 ஆம் ஆண்டு, அரங்கின் நண்பர்கள் எனத் தம்மை அழைத்துக்கொண்ட குழுவொன்று தோன்றியது. முதுமை எய்திய கந்தேலாவும் அதில் இணைந்து உழைத்தார். அவ்வாண்டிலேயே நகரின் மரபுரிமைச் சபை அரங்கை வரலாற்றுச் சின்னமாகப் பிரகடனஞ் செய்தது. அமெரிக்காவில் ஐம்பது ஆண்டு நிரம்பாத கட்டடம் பொதுவாக இச்சிறப்பைப் பெறுவதில்லை; அப்பொழுது அரங்கின் வயது 45. 2009 இல் தேசிய மரபுரிமைப் பாதுகாப்பு நிதியம், பேரிடருக்குள்ளான பதினோரிடங்களின் வரிசையில் இதனைச் சேர்த்தது. மியாமியில் வளர்ந்த பாடகி குளோரியா எஸ்தபானும் ஆதரவாகக் குரல் கொடுத்தார். 2014 இல் கெற்றி நிறுவனம் வழங்கிய நல்கை, கொங்கிறீற்றையும் அதன்மீதுள்ள வண்ணங்களையும் ஆராய உதவியது. இளைஞர் தீட்டியவற்றை அழிப்பதா, அவற்றையும் வரலாற்றின் ஒரு பகுதியெனக் கொள்வதா என்பது எளிதில் விடைகாண முடியாத வினா. கைவிடப்பட்ட காலத்தில் அவ்விடத்தை நாடி வந்தோர் அவர்களே என்பதும் மறத்தற்குரியதன்று.

முயற்சி தடையின்றிச் சென்றதெனக் கூறல் இயலாது. நிதி திரட்டுவது எவ்வாறு, அரங்கை அடுத்துள்ள நிலத்தைப் பயன்படுத்துவது எவ்வாறு என்பனவற்றிற் கருத்து வேற்றுமை எழுந்தது. 2016 இல் மாநகர ஆட்சியினர் புனருத்தாரணத்துக்கென 4 கோடி 50 இலட்சம் டொலர் வரை கடன்முறிகள் வழியாகத் திரட்ட இசைந்தனர். 2018 இல் அரங்கு தேசிய வரலாற்றிடங்களின் பதிவேட்டில் இடம்பெற்றது. எனினும் 2022 இல் கந்தேலா காலமான போது, அவர் இளமையில் வரைந்த அரங்கு மூடியே கிடந்தது.

இவ்வரலாற்றால் நாம் அறிவது யாது? சின்னமெனப் பிரகடனஞ் செய்தல் இடிப்பதைத் தடுக்கும், துருவைத் தடுக்காது. பட்டியலில் இடம்பெறுதல் புகழ் தரும், பிளவை மூடாது. நகத்தாற் கிள்ளும் காலத்தில் வாளாவிருந்தோர் பின்னர்க் கோடரியைத் தேட வேண்டியவராவர். ஆண்டுதோறும் செய்யும் சிறு பராமரிப்பே எக்கட்டடத்துக்கும் உண்மையான காவல். ஆயினும் மக்கள் முயன்றிராவிடின், இன்று பேசுதற்கும் அவ்வரங்கு எஞ்சியிராது என்பது ஒருதலை. தம் காலத்தில் எழுந்ததன் அருமையைத் தம் காலத்திலேயே உணர்வோர் சிலரேனும் இருத்தல் வேண்டும். அச்சிலர் இல்லாத ஊரில், ஆயிரம் ஆண்டு கண்ட கட்டடங்கள் இனி உருவாகப் போவதில்லை.