ஐ.எஸ்.ஓ. எவ்வளவு வைக்கலாம்?

குழுக் கடனில் மிரர்லெஸ் கேமரா வாங்கி விசேஷங்களுக்குப் படம் எடுக்க நினைக்கிறோமா? முதலில் ஐ.எஸ்.ஓ. எண்ணைத் தெரிந்துகொள்வோம்.

இருக்கிற வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு கூட்டிக் காட்ட வேண்டும் என்று சொல்வதே இந்த எண். மற்றதை மாற்றாமல் 100-ஐ 200 ஆக்கினால் படம் இருமடங்கு வெளிச்சமாகும். ஆனால் எண் ரொம்ப ஏறினால் படம் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

* நல்ல வெயில்: 100
* மர நிழல், மேகமூட்டம்: 200 முதல் 400
* வீடு, மண்டபம்: 800 முதல் 3200
* இரவு: 3200 முதல் 6400

புள்ளிக்குப் பயந்து மண்டபத்தில் எண்ணைக் குறைத்தால் ஷட்டர் மெதுவாகிவிடும்; நலங்கு வைக்கிற கை கலங்கிப் போகும். புள்ளியைக் கம்ப்யூட்டரில் ஓரளவு குறைக்கலாம். கலங்கிய படத்தைச் சரிசெய்வது கஷ்டம். தாலி கட்டுற நேரம் திரும்ப வருமா?

எனவே 'ஆட்டோ ஐ.எஸ்.ஓ.' வைத்து, உச்ச வரம்பு 6400, குறைந்தபட்ச ஷட்டர் வேகம் 1/125 எனக் குறித்துவிடுவோம். படம் எடுக்கும் முன்பே திரையில் வெளிச்சம் தெரியும், கலங்கல் தெரியாது. முதல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டே அடுத்ததை எடுப்போம். படம் தெளிவாக இருந்தால்தான் அடுத்த ஆர்டர் வரும், தவணையும் கட்டலாம்!