8 ஜிபியா, 16 ஜிபியா: மடிக்கணினி வாங்கும் கடன்

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அளித்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. வீட்டுப் பயனாளர்களுக்கு அதன் பிறகு நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திருத்தங்களும் 2026 அக்டோபர் 13 அன்று நின்றுவிடும். அதற்குள் பழைய கணினியை மாற்றியாக வேண்டுமே என்ற அவசரம் ஒருபுறமும், ‘உலகம் உங்கள் கையில்’ திட்டத்தின்கீழ் கல்லூரி மாணவர்களுக்குத் தமிழக அரசு வழங்கும் மடிக்கணினியில் உள்ள 8 ஜிபி ரேம் போதுமா என்ற ஐயம் மறுபுறமும் சேர்ந்து, வாசகர் கடிதங்களில் ஒரே குழப்பமாகத் திரண்டு வருகின்றன. கடைக்காரர் ஒரு எண்ணைச் சொல்கிறார், விளம்பரம் வேறொன்றைச் சொல்கிறது, இயங்குதளத்தைத் தயாரித்த நிறுவனம் இரண்டுக்கும் கீழான ஒன்றைச் சொல்கிறது.

வேலூரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், ஜவ்வாது மலைக்காட்டை ஒட்டியுள்ள அமிர்தியிலிருந்து முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரிக்கோ பாகாயத்தில் உள்ள தந்தை பெரியார் அரசு தொழில்நுட்பக் கல்லூரிக்கோ சென்று படிக்கும் ஒரு மாணவரின் நிலையிலிருந்து இக்கேள்வியைப் பார்ப்பது பயனுடையது. அவர் வாங்கும் இயந்திரம் படிப்பு முடியும்வரை உழைக்க வேண்டும். பழுது என்றால் வேலூர்வரை சென்று திரும்பும் ஒரு நாள் வீணாகும். கனமான வேலையை இணையத்தின் வழியே தொலைவிலுள்ள கணினியிடம் ஒப்படைத்துவிடலாம் என்னும் நகரத்து யோசனையும், சமிக்ஞை சீராகக் கிடைக்காத மலைப்பகுதியில் செல்லுபடியாகாது.

முதலில் ‘குறைந்தபட்சத் தேவை’ என்று நிறுவனங்கள் அறிவிக்கும் அளவை அதற்குரிய இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். விண்டோஸ் 11 இயங்க 4 ஜிபி நினைவகம் (ரேம்) போதும் என்பது மைக்ரோசாஃப்டின் அறிவிப்பு. இது இயங்குதளம் தொடங்கித் திரையில் வந்து நிற்பதற்குப் போதுமான அளவேயன்றி, அதன்மேல் ஒருவர் வேலை செய்வதற்கான அளவு அன்று. 1995இல் விண்டோஸ் 95 வெளிவந்தபோது 4 எம்பி போதும் என்று அதே நிறுவனம் அறிவித்ததும், அந்த அளவுடன் அதைப் பயன்படுத்தியவர்கள் பட்ட பாடும் நினைவில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2024 மே மாதம் ‘கோபைலட் பிளஸ் பிசி’ என்னும் செயற்கை நுண்ணறிவுக் கணினி வகையை அறிமுகப்படுத்தியபோது, மைக்ரோசாஃப்ட் அதற்கு 16 ஜிபியைக் கட்டாயமாக்கியது. ஆப்பிள் நிறுவனத்தின் வரலாறும் இதையொத்ததே. தம் கணினியின் 8 ஜிபி பிற கணினிகளின் 16 ஜிபிக்கு ஏறக்குறைய இணை என்று 2023 நவம்பரில் அதன் சந்தைப்படுத்தல் பிரிவின் துணைத் தலைவர் ஒருவர் வாதிட்டார். ஓராண்டு முடியும் முன்பே, 2024 அக்டோபரில், மேக்புக் ஏர் கணினியின் தொடக்க அளவை அந்நிறுவனம் 16 ஜிபியாக உயர்த்தியது. அதிகாரபூர்வ எண்கள் விற்பனையின் தேவைக்கேற்ப மாறுகின்றன என்பதற்கு இவ்விரண்டு சான்றுகள் போதும்.

ஆனால் 4 ஜிபி உள்ள கணினி நின்றுவிடுவதில்லை. 6 ஜிபி தேவைப்படும் வேலையையும் அது எப்படியோ செய்துகொண்டுதான் இருக்கிறது. இது எவ்வாறு நிகழ்கிறது என்று அறிந்தால்தான் எவ்வளவு நினைவகம் வாங்குவது என்ற கேள்விக்கு உருப்படியான விடை கிடைக்கும்.

இதன் வேர் 1962இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினியில் இருக்கிறது. டாம் கில்பர்ன் தலைமையிலான குழு வடிவமைத்த அக்கணினியில் விரைவான, ஆனால் விலை மிகுந்த காந்த வளைய நினைவகம் சிறிதளவும், மெதுவான காந்த உருளை அதைப்போல் ஆறு மடங்கும் இருந்தன. இவ்விரண்டுக்கும் இடையே தரவை மாற்றி மாற்றி அனுப்பும் பொறுப்பை நிரலாளரிடமிருந்து எடுத்துக் கணினியிடமே கொடுத்துவிட்டால், எல்லாமே ஒரே பெரிய நினைவகமாக அவருக்குத் தோன்றும் என்பது அக்குழுவின் கருத்து. மெய்நிகர் நினைவகம் என்று இன்று அழைக்கப்படும் இந்த ஏற்பாடு, கணினியியலின் மிக நுட்பமான சிந்தனைகளுள் ஒன்று என்பதில் ஐயமில்லை.

இன்றைய மடிக்கணினியில் அது இவ்வாறு செயல்படுகிறது. நினைவகம் முழுவதும் ‘பக்கம்’ எனப்படும் சிறு துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. வழக்கமான 4 கேபி அளவுப்படி பார்த்தால் 8 ஜிபியில் ஏறத்தாழ 21 லட்சம் பக்கங்கள் அடங்கும். ஒரு பக்கத்தை ஏதேனும் ஒரு செயலி தொட்டதும், அப்பக்கத்துக்கான அட்டவணையில் மையச் செயலகம் ஒரு குறியை இடுகிறது. இயங்குதளம் அவ்வப்போது அக்குறிகளை அழித்துவிட்டுச் சற்று நேரம் கழித்துத் திரும்பிப் பார்க்கும்போது, மீண்டும் குறி விழாத பக்கங்கள் இப்போதைக்குத் தேவைப்படாதவை என்று கருதப்படுகின்றன. இடம் போதாமல் போகும்போது முதலில் வெளியேற்றப்படுபவை அவையே. அவற்றைச் சுருக்கி நினைவகத்திலேயே ஒரு மூலையில் அடக்கிவைக்கும் முறை மேக் கணினிகளில் 2013 முதலும், விண்டோஸ் 10 வெளிவந்த 2015 முதலும் வழக்கத்தில் உள்ளது. அதுவும் போதாதபோது அவை எஸ்எஸ்டி அல்லது ஹார்ட் டிஸ்க்கில் எழுதப்படுகின்றன. பின்னர் ஒரு செயலி அப்பக்கத்தைத் தேடினால் அச்செயலி அங்கேயே நிறுத்தப்பட்டு, பக்கம் மீட்டுக் கொண்டுவரப்பட்ட பிறகே தொடர அனுமதிக்கப்படுகிறது. தான் நிறுத்தப்பட்டதைச் செயலி அறிவதில்லை, பயனாளருக்கும் யாரும் சொல்வதில்லை.

இவ்வாறு சேமிப்பகத்திடமிருந்து நினைவகம் இடம் வாங்கும் கடனுக்கு வட்டி எவ்வளவு என்பதைத் தோராயமாகக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நினைவகத்தை ஒருமுறை நாட 100 நானோநொடியும், எஸ்எஸ்டியை நாட 100 மைக்ரோநொடியும், பழைய ஹார்ட் டிஸ்க்கை நாட 10 மில்லிநொடியும் ஆவதாகக் கொண்டால், நினைவகத்தைவிட எஸ்எஸ்டி ஆயிரம் மடங்கும் ஹார்ட் டிஸ்க் லட்சம் மடங்கும் மெதுவானவை. ஆயிரம் முறை நினைவகத்தைத் தேடும்போது ஒரே ஒரு முறை மட்டும் பக்கம் இல்லாமல் எஸ்எஸ்டிக்குச் செல்ல நேர்ந்தால், சராசரி நேரம் 200 நானோநொடியாகிறது, அதாவது வேகம் பாதியாகிறது. நூறில் ஒருமுறை என்றால் பதினொரு மடங்கு தாமதம். எஸ்எஸ்டிக்குப் பதில் ஹார்ட் டிஸ்க் இருந்தால், ஆயிரத்தில் ஒருமுறை தவறுவதே ஏறத்தாழ நூறு மடங்கு தாமதத்தைத் தந்துவிடும். பத்தாண்டுக்கு முந்தைய கணினிகள் ரேம் நிரம்பியதும் உறைந்து நின்றதற்கும், இன்றைய கணினிகள் அதே நெருக்கடியில் தளர்ந்தாவது நடப்பதற்கும் காரணம் இதுதான். எஸ்எஸ்டியின் வேகம் நினைவகப் பற்றாக்குறையைத் தீர்க்கவில்லை, அதன் அறிகுறியை மட்டும் மறைத்திருக்கிறது.

இத்தாமதம் படிப்படியாக வருவதில்லை என்பதை 1968இல் அமெரிக்கக் கணினியியலாளர் பீட்டர் டென்னிங் விளக்கினார். ஒவ்வொரு செயலியும் தன் நடப்பு வேலைக்குத் தொடர்ந்து தொட்டுக்கொண்டிருக்கும் பக்கங்களின் தொகுப்பை அவர் தனியே வரையறுத்தார். இங்கு அதை நடப்புத் தொகுதி என்று குறிக்கலாம். திறந்திருக்கும் செயலிகளின் நடப்புத் தொகுதிகள் எல்லாம் சேர்ந்து நினைவகத்துக்குள் அடங்கும்வரை கணினி நன்றாகவே ஓடும். கூட்டுத்தொகை அந்த எல்லையைச் சிறிது தாண்டினாலும், ஒரு செயலிக்காக வெளியேற்றப்பட்ட பக்கம் மறுகணமே இன்னொன்றுக்குத் தேவைப்பட்டு, கணினி தன் நேரத்தின் பெரும்பகுதியைப் பக்கங்களை ஏற்றி இறக்குவதிலேயே செலவிடும் அலைக்கழிப்பு நிலைக்குச் சரிந்துவிடும். நேற்றுவரை சரியாக ஓடிய 8 ஜிபி கணினி, இருபது உலாவிப் பக்கங்களோடு ஒரு காணொளி வகுப்பும் சேர்ந்ததும் திடீரென முடங்குவது இதனால்தான். இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: நடப்புத் தொகுதி 6 ஜிபிதான் என்றால், 8 ஜிபியை 32 ஜிபியாக உயர்த்துவதால் கிடைக்கும் வேகம் மிகச் சொற்பம்.

அமிர்தி போன்ற ஊர்களுக்கு இதில் இன்னொரு கேடும் உண்டு. நினைவகம் குறையும்போது குரோம் போன்ற உலாவிகள், சிறிது நேரம் பார்க்கப்படாத பக்கங்களை ஹார்ட் டிஸ்க்கிலோ எஸ்எஸ்டியிலோ எழுதிவைக்காமல் முற்றாகக் கைவிட்டுவிட்டு, பயனாளர் திரும்பி வரும்போது இணையத்திலிருந்து மீண்டும் தரவிறக்குகின்றன. நகரத்தில் ஓரிரு நொடியில் முடிந்துவிடும் இச்செயல், சமிக்ஞை ஒரு கோடாக இருக்கும் இடத்தில் பல நிமிடக் காத்திருப்பாகவும், கூடுதல் டேட்டாச் செலவாகவும் மாறுகிறது. பாதி படித்த பாடத்துக்குத் திரும்பும் மாணவர் வெற்றுத் திரையைப் பார்த்துச் செல்பேசிக் கோபுரத்தைக் குறைகூறுவார். உண்மையில் குறைவு நினைவகத்திலும் இருக்கலாம். இணையம் வலுவில்லாத ஊருக்கு நினைவகம் கூடுதலாகத் தேவை என்பது, எளிய வேலைக்கு எளிய கணினி போதும் என்னும் பொதுவான அறிவுரைக்கு நேர் எதிரானது.

இப்பின்னணியில், செல்பேசி விளம்பரங்களில் ‘8+8, மொத்தம் 16 ஜிபி’ என்று காட்டப்படும் நீட்டிப்பு நினைவகம் எதைக் குறிக்கிறது என்பதும் விளங்கும். அந்த இரண்டாவது எட்டு, மேலே விவரிக்கப்பட்ட கடனேயன்றி வேறில்லை. சேமிப்பகத்தின் ஒரு பகுதியை ஒதுக்கிவைத்து அதற்கு ரேம் என்று பெயரிட்டு விற்பது, ஆயிரம் மடங்கு மெதுவான பொருளை வேகமான பொருளின் பெயரில் விற்பதாகும். மடிக்கணினி வாங்கும்போதும் இத்தகைய கூட்டல் கணக்கை ஏற்கக் கூடாது.

தனக்கு எவ்வளவு தேவை என்பதை அறிய, ஒருவர் இப்போது பயன்படுத்தும் கணினியையோ நண்பரின் கணினியையோ வழக்கமான வேலைகள் அனைத்தையும் திறந்துவைத்துச் சோதிக்கலாம். விண்டோஸில் ரிசோர்ஸ் மானிட்டர் என்னும் கருவியில், நினைவகப் பகுதியில் ‘ஹார்ட் ஃபால்ட்ஸ்’ என்ற வரைபடம் இருக்கும். நொடிக்கு எத்தனை முறை பக்கத்தைத் தேடிச் சேமிப்பகத்துக்குச் செல்ல நேர்ந்தது என்பதை அது காட்டுகிறது. செயலிகள் திறக்கும்போது அது உயர்வது இயல்பு. எல்லாம் திறந்தபின் வேலை செய்துகொண்டிருக்கையிலும் அது தாழாமல் நின்றால் நினைவகம் போதவில்லை. மேக் கணினியில் ஆக்டிவிட்டி மானிட்டரின் நினைவக அழுத்த வரைபடமும், லினக்ஸில் ‘ஃப்ரீ’ என்னும் கட்டளையின் ஸ்வாப் வரிசையும் இவ்வகைத் தகவலையே தருகின்றன.

அடுத்ததாக, எண்ணைவிட முக்கியமானது நினைவகம் பொருத்தப்பட்டிருக்கும் விதம். மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ரேம் சில்லுகள் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருப்பதால், வாங்கிய நாளில் உள்ள அளவே கடைசிவரை இருக்கும். ஸ்லாட்டில் செருகும் வகையானால் பின்னர் கூட்டிக்கொள்ளலாம். கடையில் காட்சிக்கு வைத்த விண்டோஸ் 11 கணினியிலேயே இதை அறியலாம்: டாஸ்க் மேனேஜரின் நினைவகப் பகுதியில் ‘எஸ்ஓடிஐஎம்எம்’ என்று இருந்தால் பெரும்பாலும் கழற்றி மாற்றத்தக்கது, ‘ரோ ஆஃப் சிப்ஸ்’ என்று இருந்தால் பற்றவைக்கப்பட்டது.

இப்போது குறைவாக வாங்கிவிட்டுப் பின்னர் மலிவாகக் கூட்டிக்கொள்ளலாம் என்ற பழைய அறிவுரையை இனி அப்படியே ஏற்பதற்கில்லை. நினைவகச் சில்லுகளின் உலக உற்பத்தியில் பெரும்பங்கு சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று நிறுவனங்களிடம் உள்ளது. அவை செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களுக்கான சில்லுகளுக்குத் தம் ஆலைகளைத் திருப்பியதால், 2025இன் இறுதி மாதங்களிலிருந்து சாதாரண ரேம் விலை கடுமையாக உயர்ந்தது. 2025 டிசம்பர் 3 அன்று மைக்ரான் நிறுவனம், கடைகளில் பொதுமக்களுக்கு ரேம் விற்றுவந்த தன் ‘குருஷியல்’ வணிகத்தை மூடுவதாகவே அறிவித்தது.

ஆகவே, சொந்தப் பணத்தில் வாங்கி நான்காண்டு பயன்படுத்த எண்ணுபவருக்கு 16 ஜிபியே பொருத்தமானது. அதற்கு வழியில்லையெனில் காலி ஸ்லாட் உள்ள 8 ஜிபி அடுத்த தேர்வாகலாம். பற்றவைத்த 8 ஜிபி, எழுதுவதற்கும் படிப்பதற்கும் மட்டும் கணினி வேண்டுபவருக்கே உரியது. 4 ஜிபி கணினியைப் புதிதாக வாங்குவது, எவ்வளவு தள்ளுபடி கிடைத்தாலும், நட்டம்.

இனி, எஞ்சிய கேள்விகளுக்குச் சுருக்கமான விடைகள். அரசு தரும் 8 ஜிபி கணினி போதுமா? கலை, வணிகவியல் பாடங்களுக்குப் போதும். எமுலேட்டருடன் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவை இயக்குவதற்கு அதன் தயாரிப்பாளரே 16 ஜிபி கேட்பதால், கணினியியல் மாணவருக்குப் போதாது.

கிராஃபிக்ஸ் தனியாக இல்லாத கணினியில்? அது ரேமிலிருந்தே தன் பங்கை எடுத்துக்கொள்ளும். அதையும் கழித்தே கணக்கிட வேண்டும்.

ஒரே 16 ஜிபியா, இரண்டு 8 ஜிபியா? இரண்டு எட்டு சற்று வேகமானது, ஒற்றைப் பதினாறு பின்னர் கூட்ட வசதியானது.

டிடிஆர்4 ரேமை டிடிஆர்5 கணினியில் செருகலாமா? முடியாது.

32 ஜிபி யாருக்கு? காணொளித் தொகுப்பு, பெரிய நிரலாக்கம் ஆகியவற்றைத் தொழிலாகச் செய்பவருக்கு.

விண்டோஸ் 11க்குத் தகுதியில்லாத பழைய கணினியை வீசிவிட வேண்டுமா? வேண்டாம். ஹார்ட் டிஸ்க்கை எஸ்எஸ்டியாக மாற்றி, சி-டாக் உருவாக்கிய பாஸ் போன்ற ஒரு லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவினால் மேலும் சில ஆண்டுகள் உழைக்கும்.

தமிழக அரசு 2025 மார்ச் 14 அன்று தாக்கல் செய்த நிதிநிலை அறிக்கையின்படி, இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் மாணவர்கள் அரசின் மடிக்கணினித் திட்டத்தால் பயன்பெற வேண்டும். அவர்களுள் பலருக்கு அதுவே வீட்டின் முதல் கணினி. அக்கணினியின் நினைவகம் பற்றவைக்கப்பட்டதா, எத்தனை ஸ்லாட்கள் உள்ளன, உச்ச அளவு எவ்வளவு, தாமே ரேம் கூட்டினால் உத்தரவாதம் நீடிக்குமா ஆகிய நான்கு விவரங்களைத் தமிழில் ஒவ்வொரு பெட்டியின் மேலும் தமிழக அரசின் எல்காட் நிறுவனம் அச்சிட்டுத் தர வேண்டும். கடையில் வாங்குபவர்களும் இதே நான்கு விவரங்களைக் கேட்டு, பில்லில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.