அமெரிக்காவில் கார் வாடகையைக் கரைக்கும் ஆபீஸ் நம்பர்... தெரியுமா?

அமெரிக்காவில் வேலை பார்க்கிறீர்களா? உங்கள் பிள்ளையோ மருமகளோ அங்கே இருக்கிறார்களா? அப்படியென்றால் கம்பெனியின் ஊழியர் சலுகைப் பக்கத்தில் ஒரு நம்பர் யாரும் தொடாமல் தூங்கிக்கொண்டிருக்கலாம்! பார்த்தால் வெறும் சில இலக்கங்கள்தான். ஆனால் வாடகைக் கார் எடுக்கும்போது அது செய்கிற வேலை இருக்கிறதே... அடேங்கப்பா! வாருங்கள், முதலில் வாடகைக் கார் கம்பெனிகளின் கதை, பிறகு அந்த நம்பரின் வித்தை!

12 காரில் பிறந்த ராஜ்ஜியம்!

1918-ல் சிகாகோவில் வால்டர் ஜேக்கப்ஸ் என்ற இளைஞர் வாடகைக் கார் தொழில் தொடங்கினார். கையில் இருந்தவை எத்தனை கார்கள் தெரியுமா? ஒரு டஜன் ஃபோர்டு மாடல் டி கார்கள்தான்! 1923-ல் அதை ஜான் ஹெர்ட்ஸ் வாங்கினார். இன்றைய ‘ஹெர்ட்ஸ்’ அதுதான்! 1946-ல் வாரன் ஏவிஸ் என்பவர் டெட்ராய்ட் பக்கத்து வில்லோ ரன் விமான நிலையத்தில் ‘ஏவிஸ்’ நிறுவனத்தை ஆரம்பித்தார். எத்தனை காரோடு? மூன்றே மூன்று!

போர்க்கப்பல் பெயரில் ஒரு கார் கம்பெனி!

ஜாக் டெய்லர் இரண்டாம் உலகப் போரில் கடற்படை விமானி. 1957-ல் செயின்ட் லூயிஸ் நகரில் ஏழு கார்களோடு தொழிலில் இறங்கினார். பின்னாளில் தன் கம்பெனிக்கு என்ன பெயர் வைத்தார் தெரியுமா? தான் பணியாற்றிய விமானம் தாங்கிக் கப்பலின் பெயர், ‘எண்டர்பிரைஸ்’! இன்று அந்தக் குழுமத்திடம் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள்! ஏழு எங்கே, 20 லட்சம் எங்கே!

பலகை பல, முதலாளி மூவர்!

விமான நிலையத்தில் வரிசையாகக் கவுன்டர்கள். எல்லாம் வேறு வேறு கம்பெனி என்றா நினைத்தீர்கள்? எண்டர்பிரைஸ், நேஷனல், அலமோ மூன்றும் ஒரே குடும்பம்! ஹெர்ட்ஸ், டாலர், த்ரிஃப்டி இன்னொரு குடும்பம்! ஏவிஸும் பட்ஜெட்டும் மூன்றாவது! உங்கள் ஆபீஸ் ஒப்பந்தம் ஒரு கடையோடு இருந்தால், அதன் சகோதரக் கடையிலும் சலுகை உண்டா என்று கேட்டுப் பார்க்கலாமே!

நம்பருக்கும் செல்லப் பெயர்!

கம்பெனி ஊழியருக்கான அந்தச் சலுகை நம்பருக்கு ஹெர்ட்ஸில் சி.டி.பி. நம்பர் என்று பெயர். ஏவிஸில் ஏ.டபிள்யூ.டி. நம்பர். பட்ஜெட்டில் பி.சி.டி. நம்பர். பெயர் எதுவானால் என்ன, வேலை ஒன்றுதான்! முன்பதிவுப் பக்கத்தில் அதற்கென்றே ஒரு பெட்டி இருக்கும். தினமும் எத்தனையோ பேர் அதைக் காலியாக விட்டுத் தாண்டிப் போகிறார்கள்!

தள்ளுபடியிலும் இரண்டு ஜாதி உண்டு, தெரியுமா?

முதல் வகை, அன்றைய விலையில் இத்தனை சதவீதம் குறைப்பது. விலை ஏறினால் நீங்கள் கொடுப்பதும் கூடவே ஏறும்! இரண்டாவது வகை, கம்பெனி பேரம் பேசி முன்கூட்டியே நிர்ணயித்த வாடகை. நன்றிநாள் (தேங்க்ஸ்கிவிங்) விடுமுறையில் ஊரே காருக்கு அலைந்து, விலை மூன்று மடங்கு எகிறினாலும் ஒப்பந்த விலை அசையாமல் நிற்கலாம்! உங்களுடையது எந்த வகை? ஹெச்.ஆரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்!

காருக்குள் ஒளிந்திருக்கும் இன்ஷூரன்ஸ்!

கவுன்டரில் விற்கும் சேதப் பாதுகாப்புக்கு நாளொன்றுக்கு 20, 30 டாலர் கேட்பது சர்வசாதாரணம். சில நேரம் கார் வாடகையையே எட்டிப் பிடித்துவிடும்! ஆனால் பல ஆபீஸ் ஒப்பந்தங்களில் அந்தப் பாதுகாப்பு வாடகைக்குள்ளேயே அடக்கம், தெரியுமா? ஐந்து நாளில் 100 டாலராவது மிச்சம்! ஒரு எச்சரிக்கை: இது பெரும்பாலும் அலுவலகப் பயணத்துக்கு மட்டும். குடும்பத்தோடு நயாகரா போகும்போதும் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்!

வயதுக்கும் அபராதமா?

ஆமாம்! 25 வயது ஆகவில்லையா? பல நிறுவனங்கள் நாள்தோறும் தனிக் கட்டணம் போடும். நியூயார்க், மிச்சிகன் மாநிலங்களில் 18 வயதுக்காரருக்கும் கார் கிடைக்கும், கட்டணம்தான் கண்ணைக் கட்டும்! படிப்பு முடித்து வேலையில் சேர்ந்த 22 வயதுப் பிள்ளைக்கு இது பெரிய அடி. ஆனால் சில ஆபீஸ் ஒப்பந்தங்களில் இந்தக் கட்டணம் முழுசாக ரத்து! சக ஊழியரைக் கூடுதல் ஓட்டுநராகச் சேர்ப்பதும் பலவற்றில் இலவசம்!

அரசு ஊழியருக்கு அடித்த யோகம்!

அமெரிக்க மத்திய அரசு ஊழியர் அலுவல் பயணத்தில் அரசு ஒப்பந்தப்படி கார் எடுத்தால் என்ன நடக்கும் தெரியுமா? வயது 18 ஆனாலே போதும், இளவயதுக் கட்டணம் இல்லை! சேதத்துக்கும் விபத்துப் பொறுப்புக்கும் பாதுகாப்பு வாடகைக்குள்ளேயே! இதற்கென்று சேரும் நிர்வாகக் கட்டணம் நாளுக்கு வெறும் 5 டாலர்! ஆனால் சொந்த உல்லாசப் பயணத்துக்கு இது செல்லாது!

நடுத்தரக் காருக்குக் காசு, பெரிய காரில் பயணம்!

நேஷனலில் ‘எமரால்டு கிளப்’ என்ற உறுப்பினர் திட்டம் உண்டு. சேர எவ்வளவு? பைசா கிடையாது! உறுப்பினர் நடுத்தரக் காரைப் பதிவு செய்துவிட்டு, ‘எமரால்டு ஐல்’ வரிசை உள்ள விமான நிலையத்தில் இறங்கினால் போதும். அந்த வரிசையில் நிற்கும் எந்தக் காரையும் எடுத்துக்கொண்டு கிளம்பலாம்! வாடகை? அதே நடுத்தரக் கார் வாடகை! ஆபீஸ் நம்பரையும் கிளப் நம்பரையும் சேர்த்துப் போட்டால் லட்டு இரண்டு!

10 சதவீதம் 11.11 ஆன மாயம்!

விமான நிலையம் கார் கம்பெனியிடம் வருமானத்தில் 10 சதவீதம் கேட்கிறது என்று வையுங்கள். உங்கள் பில்லில் எத்தனை சதவீதம் ஏறும் தெரியுமா? 11.11! எப்படி? உங்களிடம் அதற்காக வசூலிக்கும் தொகையும் வருமானமாயிற்றே, அதிலும் 10 சதவீதம் போகுமே! 100 டாலரோடு 11.11 சேர்ந்தால் 111.11. அதில் பத்தில் ஒரு பங்கு சரியாக 11.11! இந்தக் கட்டணத்தை ஆபீஸ் தள்ளுபடி பெரும்பாலும் தொடாது. ஊருக்குள் இருக்கும் கிளையில் கார் எடுத்தால்? பெரும்பாலும் இந்தத் தொல்லையே இல்லை!

ஐந்தைவிட ஏழு குறைவா?

கணக்கு வாத்தியார் தலையில் அடித்துக்கொள்வார்! ஆனால் ஐந்து நாள் வாடகையைவிட ஒரு வார வாடகை குறைவாக வருவது உண்டு! இரண்டையும் போட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் கவனம்: வாரத்துக்கு எடுத்துவிட்டு முன்னதாகவே திருப்பினால், கம்பெனி அதைத் தினசரிக் கணக்குக்கு மாற்றிவிடக்கூடும்!

29 நிமிடம்... 30 நிமிடம்!

வாடகைக் காருக்கு நாள் நள்ளிரவில் முடிவதில்லை, தெரியுமா? காலை 10 மணிக்கு எடுத்தால் மறுநாள் 10 மணி வரை ஒரு நாள். பல நிறுவனங்கள் 29 நிமிடம் பொறுத்துக்கொள்ளும். அதைத் தாண்டினால் மீட்டர் ஓட ஆரம்பித்துவிடும்!

ஒரே பதிவில் இரண்டு தள்ளுபடி!

ஹெர்ட்ஸ், ஏவிஸ் பக்கங்களில் ஆபீஸ் நம்பருக்கு ஒரு பெட்டி, கூப்பனுக்கு இன்னொரு பெட்டி! இரண்டும் ஒத்துப்போனால் இரட்டைக் குறைப்பு! இன்னொரு வித்தை: ‘காசு பிறகு’ முறையில் பதிவு செய்தால் சாதாரணமாக ரத்துக் கட்டணம் கிடையாது. விலை இறங்கியதா? புதிதாகப் பதிவு செய்துவிட்டுப் பழையதைத் தூக்கிப் போடுங்கள்!

வாடகைக்குப் பந்தயக் கார்!

இது 1966-ல் நடந்த கூத்து! ஷெல்பி மஸ்டாங் கார்களைச் சுமார் ஆயிரம் வாங்கி வாடகைக்கு விட்டது ஹெர்ட்ஸ். பலவும் கறுப்பு உடம்பு, தங்க நிறப் பட்டை! வார இறுதியில் வாடகைக்கு எடுத்து, பந்தயத்தில் விரட்டிவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போலத் திருப்பிக் கொடுத்த கில்லாடிகளின் கதைகள் இன்றும் உலவுகின்றன!

இதை மட்டும் செய்யாதீர்கள்!

நண்பரின் கம்பெனி நம்பரைக் கடன் வாங்கலாமா? கூடவே கூடாது! கவுன்டரில் ஐ.டி. கார்டு கேட்டால் சலுகை அங்கேயே காலி. விபத்து நடந்தாலோ, நம்பியிருந்த இன்ஷூரன்ஸே இல்லாமல் போகலாம்! நம் ஊர் ஐ.டி. இளைஞர்களே, நீங்கள் உட்கார்ந்து வேலை பார்ப்பது வாடிக்கையாளர் அலுவலகத்தில். சம்பளம் தருவதோ வேறு கம்பெனி. வாடிக்கையாளரின் நம்பர் உங்களுக்குத் தானாகச் செல்லாது! சம்பளம் தருகிற கம்பெனியின் நம்பரைத் தேடுங்கள்!

அடுத்த முறை கார் எடுக்கும் முன் ஹெச்.ஆருக்கு ஒரு மின்னஞ்சல் தட்டுங்கள். மூன்றே கேள்விகள்: நம்பர் என்ன? சொந்தப் பயணத்துக்குச் செல்லுமா? இன்ஷூரன்ஸ் அடக்கமா? பதில் வந்ததும் நாள் வாடகையைப் பார்த்து மயங்காமல், வரி, கட்டணம் எல்லாம் சேர்ந்த மொத்தத் தொகையை ஒப்பிடுங்கள். அந்தத் தொகைதான் உங்கள் பையிலிருந்து போகப்போகிறது!